ஆறு வேளைச் சாப்பாடு

அறுவை வார்டில் கட்டுப் பிரிப்பவனுக்கு இரண்டு வேலை: புண்ணைப் பார்ப்பது, சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்கு முகம் மாறாமல் நிற்பது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்த உங்களுக்குத் தெரியாததா? நீட்டவில்லை. தொண்ணூறுகளில் ஹவுரா ரயில்வே ஆஸ்பத்திரியில் நான் பார்த்த ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

லூப் லைன்

சண்முகம், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சரக்கு வேகன் பழுது பார்க்கும் ஃபிட்டர். முற்றிய இரைப்பைப் புற்று. ஒரு மாதமாக எதைத் தின்றாலும் வாந்தி. அவர் சாப்பிடாதபோது தானும் சாப்பிடுவதில்லை என்று மனைவி பார்வதியம்மாளும் வற்றிப் போயிருந்தார்.

சர்ஜன் பெங்காலியில் சொன்னார்: கட்டியை எடுக்க முடியாது. குடலை மேலே இழுத்து இரைப்பையோடு இணைத்தால் சாப்பாடு இறங்க வேறு வழி கிடைக்கும். நோய் இருக்கும், வாந்தி நிற்கும். தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். சண்முகம் கையமர்த்தினார்.

"புரிஞ்சுது சார். மெயின் லைன்ல அடைப்பு, லூப்புல வண்டிய விடுறாரு. விடட்டும். நான் சாப்பிட்டாத்தான் இவ சாப்பிடுவா."

அரை இட்லி

ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள். கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளை என்று சொல்லியிருந்தோம். பார்வதியம்மாள் நாலடுக்கு கேரியரோடு வந்தார். கத்தினேன். அரை இட்லிக்கு மேல் விடவில்லை. அதைச் சண்முகம் அரை மணி நேரம் மென்றார். பிறகு மூன்று பேரும் வாந்தி பேஸினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. எதுவும் வரவில்லை. சண்முகம் கேரியரை மனைவி பக்கம் தள்ளினார்.

"இறங்கிடுச்சு. இப்பவாவது தின்னுடி. நீ மயங்கி விழுந்தா என்னால தூக்க முடியாது."

ஏழுக்கு ஆறு

மூன்றாம் மாதம் செக்கப்புக்கு வந்தார். ஒரு சின்ன டாக்டர், அவரைக் கேட்டு நிரப்பச் சொல்லி என்னிடம் கேள்வித்தாளை நீட்டினார். 'போன வாரம் உங்கள் வாழ்க்கை எப்படி? ஏழுக்கு எத்தனை?' இந்த மாதிரிக் காகிதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆள் இளைத்திருந்தார், நடந்தால் மூச்சு வாங்கியது. ஆனால் தினம் யார்டுக்குப் போய்ப் பழைய ஆட்களோடு அரட்டை. மனைவியைக் காளிகாட்டுக் கோயிலுக்கும் கூட்டிப் போய் வந்திருந்தார். ஆறு என்றார். ஒன்று ஏன் குறைந்தது என்றேன்.

"இப்பத்தான் உங்க கேன்டீன் டீயக் குடிச்சேன். அதுக்குக் கழிச்சுட்டேன்."

ரவிக்கை

ஒன்பது மாதம் இருந்தார். படுக்கையில் கிடந்தது கடைசிப் பத்து நாள்தான். காரியமெல்லாம் முடிந்து பார்வதியம்மாள் வார்டுக்கு வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் நிறைந்திருந்தது. நல்லாயிருக்கீங்களா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஆறு வேளையும் எதிர்ல உட்கார வெச்சுட்டாரு சார். அவருக்குக் கால் இட்லி, எனக்கு மூணு. பழைய ரவிக்கை ஒண்ணுகூடப் பத்தல, எல்லாம் அவர் பண்ணின வேலை."

கத்தி பட்டது ஒருவர் வயிற்றில், சதை போட்டது இன்னொருவர் உடம்பில். வார்டில் எதற்கும் யாரையாவது திட்டியே பழகியவன் நான்; முப்பது வருஷ சர்வீஸில் திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் நான் நின்றது அன்று ஒரு நாள்தான்.