இல்லை என்று சொன்ன மெஷின்

மெட்டல் டிடெக்டருக்கு ஆறு பென்சில் செல் வேண்டும். ஆறும் புதிதாக, ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். பழசையும் புதுசையும் கலக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் செல் கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்துவிடும். இதெல்லாம் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான்.

மெஷினை வாங்கியவன் என் மனைவியின் தம்பி. கூடுவாஞ்சேரியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தாம்பரத்துக்கு வந்து என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு கோவளம் போவான். அங்கே மணலில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் சோடா மூடியும் சில்லறையும் ஒரு ஒற்றைக் கொலுசும்தான். ஆள் மகா கஞ்சன். புது செல்லை ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்திவிட்டு, கடிகாரத்திலும் டிவி ரிமோட்டிலும் உழைத்து ஓய்ந்ததை வெயிலில் காயவைத்து மெஷினில் போடுவான். புது டம்ளரை விருந்தாளி வரட்டும் என்று அட்டைப்பெட்டியிலேயே வைத்திருக்கும் குடும்பம் அது. நான் கேலி செய்வேனே தவிர, மாற்றச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு, மீன் விற்கும் அம்மா ஒருவர் எங்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் மணலில் நெத்திலி காயவைக்கும்போது ஒரு காதுக் கம்மல் கழன்று விழுந்துவிட்டதாம். அவரும் மருமகளும் மணலைச் சலித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

"எங்கம்மா போட்ட கம்மலு சார். இங்கதான் எங்கியோ கீது. தேடிக் குடு சார்."

மருமகள் எங்கள் பின்னாலேயே நடந்து வந்தாள். அவளுக்கும் அது கிடைத்தாக வேண்டியிருந்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

திரையில் பேட்டரிக் குறி ஒரே ஒரு கோட்டில் நின்றது. அதைப் பார்த்துச் சொன்னேன். மச்சான் மணல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு மெஷினைக் காட்டினான். நன்றாகவே கத்தியது. "கத்துதுல்ல மாமா, இது போதும்" என்றான். நானும் போதும் என்று விட்டுவிட்டேன். எங்களுடையது மலிவு மெஷின். செல் தளர்ந்தால் அது நின்றுபோவதில்லை, காதுதான் மந்தமாகும். மேலே கிடப்பதற்குக் கத்தும், ஒரு சாண் ஆழத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. முழுக்கத் தேடி முடித்துவிட்டு மச்சான் டாக்டர் மாதிரி அறிவித்தான்: "இங்க இல்லம்மா. இருந்தா மெஷின் விடாது."

அடுத்த வாரங்களில் மழை. அதற்குள் அவன் மனைவி ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது எரிச்சலில் அந்தப் புது செல்களை அவன் மடியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். வேறு வழியில்லாமல் போட்டான். மறுபடி கோவளம் போனபோது, எதற்கும் பார்ப்போமே என்று அந்த வீட்டுப் பின்பக்கம் காட்டினோம். நெத்திலி காயப்போடும் இடத்திலேயே கத்தியது. தோண்டினால், ஒரு சாண் கீழே கம்மல். சின்னப் பிள்ளைகள் மாதிரி வாசலுக்கு ஓடினோம்.

அந்த அம்மா தனியாக இருந்தார். மருமகள் எங்கே என்று கேட்டேன்.

"அவ ஆத்தா வூட்டுக்குப் பூட்டா."

நாங்கள் அன்று கிளம்பியதுமே, மெஷினே 'இங்கே இல்லை' என்றுவிட்டது, அப்படியானால் எடுத்தது யார் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள அந்தக் கம்மலை மருமகள் ஒருமுறை கேட்டிருந்தாளாம். அது போதாதா. அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். பண்ணினாள். அன்று சாயங்காலமே துணிப்பையோடு போய்விட்டாள்.

"தப்பு எங்க மேலதாம்மா. பேட்டரி வீக்கா இருந்துச்சு. கம்மல் அன்னிக்கும் இங்கதான் இருந்துச்சு" என்றேன். மச்சானும் தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னான். நான் இன்னொரு முறை விளக்கினேன். அவர் கம்மலை முந்தானையில் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"உனுக்கு நல்ல மனசு சார். அவளக் காப்பாத்தப் பாக்குற. மெஷினு பொய் சொல்லுமா? சத்தியம் பண்ணிட்டு, பயந்துபோய் அவளேதான் கொண்டாந்து பொதச்சிருப்பா."