வேப்பூரில் துடைத்துப் பார்த்த எஞ்சின் நம்பர்

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவர், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். ஒருநாள் வேப்பூரில் டீ குடிக்க நின்றோம். ஒருவர் ஓடி வந்து, "இது என் வண்டி எஞ்சினுங்க! இதுல இருக்கிற இந்த வெல்டிங் ஒட்டு நான் போட்டது" என்றார்.

எஞ்சின் அடியில் அப்பியிருந்த களிமண்ணைத் துடைத்தோம். அங்கிருந்த எண் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண் அல்ல. "அப்போ இது திருட்டு வண்டியா?" என்று கேட்டேன்.

"பயப்படாதீங்கம்மா. லாரி மோதி என் வண்டி நொறுங்கிடுச்சு. எஞ்சினை மட்டும் நான்தான் வித்தேன். வாங்கினவங்க இந்த வண்டியில மாட்டியிருக்காங்க. எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார். அப்படியே வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு வந்தும் சொன்னார். புத்தகத்தில் எண்ணைத் திருத்தி வாங்கினோம்.

அன்றிலிருந்து என் தம்பிகள் பழைய வண்டி பார்க்கப் போனால், பழந்துணியோடு நானும் போகிறேன். எண்ணைத் துடைத்துப் படித்த பிறகுதான் மற்ற பேச்சு.