அறுபதில் போன ஜீப்பு

போடியிலிருந்து குரங்கணிக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளிலேயே வேகமானது ஜக்கையனுடையது. சொன்னது யார் என்று கேட்காதீர்கள், ஜக்கையன்தான். "வளைவுலகூட அறுபதுக்குக் கொறையமாட்டேன்" என்பார். மறுக்கவும் வழியில்லை. பதினோரு வருஷமாக அந்த ஜீப்பின் ஸ்பீடாமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"மீட்டரு பழகுறவனுக்கு. எனக்குக் காது போதும்" என்று அளந்துவிட்டே ஸ்டாண்டில் 'ராக்கெட்' என்று பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பெயருக்காகச் சோற்றைக்கூட விட்டுவிடுவார்.

இத்தனை வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியின் தகுதி பார்க்கும் எஃப்.சி.யில் யார் கண்ணிலும் படாத முள் இந்த வருஷம் பட்டுவிட்டது. சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய எஃப்.சி. முடிய நாலு நாள்தான் இருந்தது.

மெக்கானிக் விஜயராஜிடம் போனார். "கேபிளு அத்துருக்கும் மாப்ளே, வெரசா மாத்திவிடு" என்று வைத்தியருக்கே மருந்து எழுதிக் கொடுத்தார்.

விஜயராஜ் காதில் வாங்கவில்லை. மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றி, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கியரில் ஓடவிட்டான். கேபிளுக்குள் இருந்த கம்பி ஜோராகச் சுற்றியது. "கேபிளு நல்லாருக்குண்ணே. கோளாறு மீட்டருக்குள்ள" என்று கண்ணாடியைத் திறந்தான்.

உள்ளே ஒரு கோயிலே இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஜக்கையன் கண்ணாடியில் அப்பிய சந்தனமும் குங்குமமும் விளிம்பு வழியே கசிந்து, முள்ளின் அச்சில் கெட்டிப்பட்டிருந்தன. மனிதர் வேகமாகப் போகக் கும்பிட்டிருக்கிறார். சாமி முள்ளைப் பிடித்துக்கொண்டது.

"இம்புட்டு பக்தி ஆகாதுண்ணே" என்று பெட்ரோலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு மாட்டினான்.

மறுநாள் காலை, மீட்டரைச் சரிபார்க்க விஜயராஜும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். பின்னால் எட்டுப் பெண்கள். மலை ஏறியதும் ஜக்கையன் வழக்கமான மிதி மிதித்தார். முள் எழுந்தது, இருபத்தாறுக்கு வந்தது, அங்கேயே நின்றது.

"மீட்டரு பொய் சொல்லுது!"

விஜயராஜ் செல்போனில் வேகம் பார்த்து நீட்டினான். அதுவும் இருபத்தாறு.

ஜக்கையனுக்கு முகம் செத்துவிட்டது. இனி ஸ்டாண்டில் எப்படித் தலை காட்டுவது?

பின்னாலிருந்த பெண்களில் எட்டிப் பார்த்த கருப்பம்மாள் சிரிக்கவில்லை. "எங்களுக்குத் தெரியும் அப்பு. மத்த ஜீப்புல உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுப் போகணும். நாங்க புள்ளகுட்டிக்காரிக. அதான் ஒன் வண்டிக்குக் காத்துக் கெடக்கோம்."

சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ரோஷத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினார். முள் முப்பத்தைந்தைத் தொட்டது.

"அப்பு!" என்று எட்டுப் பேரும் அலறினார்கள்.

ராக்கெட் காலை எடுத்தார். முள் இருபத்தாறுக்கே திரும்பி வந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க ஆத்தா," என்றார், "வளைவு வருது."