பதில் போடாதவர்களின் கணக்கு

சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களில் ஓராண்டுக்குப் பிறகு இத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று இப்போது பேப்பரில் ஒரு விகிதம் போடுகிறார்கள். படிக்கிறவர்கள் அப்படியே நம்புகிறார்கள். நான் நம்புவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: எல்லோரையும் தேடிப் போய் விசாரித்தார்களா? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது நல்ல மனசு இல்லை, வயிற்றெரிச்சல்.

ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் வேலை பார்த்தேன். உறுப்பு மாற்றுவதெல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. காசநோய் முற்றியவர்களுக்கு விலா எலும்பை எடுத்து நுரையீரலை அமுக்கி வைப்பதுதான் பெரிய ஆபரேஷன். வெளியூர் சர்ஜன் வந்து செய்வார். செய்துகொண்டவர்கள் வீட்டுக்குப் போன பிறகு எத்தனை காலம் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் இன்னொருவனும். இரண்டு பேரும் டெம்பரவரி. ஒரே ஒரு பெர்மனென்ட் இடம் வரப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். நான் பொன்னமராவதிப் பக்கம், எஸ்.எஸ்.எல்.சி., புருஷன் வீட்டை விட்டு வந்தவள். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். அவன் ஆவூர்க்காரன், என்னைவிட நாலு வயது இளையவன், சிரித்த முகம். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது.

பெண்கள் வார்டு எனக்கு, ஆண்கள் வார்டு அவனுக்கு. ஆளுக்கு நாற்பது பேர். தபால் கார்டு போட்டு விசாரிக்க வேண்டும். எனக்குப் பதிமூன்று பதில் வந்தது. பன்னிரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். அவனுக்கு முப்பத்துநாலு பதில். உயிரோடு இருந்தவர்கள் இருபத்தைந்து. பதிமூன்றுக்குப் பன்னிரண்டு எங்கே, முப்பத்துநாலுக்கு இருபத்தைந்து எங்கே. ஜெயித்துவிட்டேன் என்று தாளைக் கொண்டுபோய், எங்கள் கணக்குக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன்.

"மீதி இருபத்தேழு பேரு என்ன ஆனாங்க?" என்றார்.

"பதில் இல்லைங்கம்மா. விட்டுட்டேன்."

"செத்தவங்க ஒனக்குக் கார்டு போடுவாங்களா?"

பிறகு விளக்கினார். பதில் வராதவரைச் செத்தவர் பக்கமும் சேர்க்கக் கூடாது, பிழைத்தவர் பக்கமும் சேர்க்கக் கூடாது. கடைசியாக எந்தத் தேதியில் உயிரோடு இருந்தது தெரியுமோ, அதுவரை அவரைக் கணக்கில் வைத்து, பிறகு எடுத்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. அந்தத் தவணையில் கணக்கில் இருந்தவர் எத்தனை, அதைத் தாண்டியவர் எத்தனை என்று பார்த்து, ஒவ்வொரு தவணை விகிதத்தையும் அடுத்ததோடு பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

"ஆனா காணாமப் போனவங்க இம்புட்டுப் பேருன்னா இந்தக் கணக்கும் பொய்தான் சொல்லும். அந்தத் தம்பி லிஸ்ட்டப் பாரு."

அந்தத் தம்பி.

பதில் கார்டுகளை அவனே எழுதிப் போட்டுக்கொள்கிறான் என்று நினைத்தேன். அவன் சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் கார்டுக் கட்டை அவிழ்த்து, கார்டு கார்டாகத் தபால் முத்திரை பார்த்தேன். எல்லாம் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எனக்குப் பதில் போடாத ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவளே வாசலில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கார்டு எழுதினது நீங்கதானா? 'உயிருடன் இல்லையெனில் இறந்த தேதி'ன்னு படிச்சதும், கேதக் கார்டுன்னு எம் மாமியா வாசல்லயே கிழிச்சுப் போட்டுருச்சு. எங் கேதம் எனக்கே தெரியாமப் போச்சு," என்று சிரித்தாள்.

சாவுச் செய்தி சொல்லும் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கிழித்துவிடுவது எங்கள் வழக்கம். அது தெரியாதவளா நான்?

"அடுத்த தெருவுல ஒரு அண்ணனுக்கும் ஆஸ்பத்திரிக் கார்டு வந்துச்சு. அது நல்ல கார்டு. அங்கிட்டுப் போய்ப் பாருங்க."

அந்த ஆள் கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். நாலு மூலையிலும் மஞ்சள். முதலில் மழை உண்டா என்று கேட்டிருந்தான். அப்புறம் நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று. கடைசியில், என்ன செய்தியானாலும் வீட்டில் ஒருவர் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். சாவு என்ற சொல்லே இல்லை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனுக்குத் தோன்றிய மஞ்சள் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது அவனை எப்படிக் கவிழ்ப்பது என்றுதான் யோசித்தேன். திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் சொன்னேன்: சாவு விழுந்த வீட்டுக்கும் மஞ்சள் தடவி அனுப்புகிறான், ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேர். அவனைக் கூப்பிட்டார்.

"ஆமாங்கம்மா, மூணு வீட்டுல வஞ்சு எழுதியிருக்காங்க," என்றான். "ஒரு அம்மா, 'தாலி அறுத்தவளுக்கு மஞ்ச அனுப்புறியே, நீ நல்லாருப்பியா'ன்னு கேட்டுருந்தாங்க. அவரு போனது எந்த மாசம், எந்த வெள்ளிக்கிழமைன்னும் அதுலயே இருந்துச்சு. மன்னிப்புக் கேட்டு, மஞ்ச இல்லாம வெறுங்கார்டு போட்டுட்டேங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பெர்மனென்ட் இடம் அவனுக்குப் போனது. காணாமல் போன இருபத்தேழு பேரைத் தேடிப்பிடிக்க எனக்கு ஆறு மாதம் கொடுத்தார். அவன் வாசகத்தைப் பார்த்து எழுதினேன். மஞ்சளும் தடவினேன். பத்தொன்பது பதில் வந்தது. அதில் எட்டுப் பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பழைய பதிமூன்றையும் சேர்த்தால் முப்பத்திரண்டுக்கு இருபத்து மூன்று. இரண்டு வார்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிலும் அவனுடையது ஒரு நூல் மேலே.

"அக்கா, எங்கிட்டக் கேட்டுருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேனே," என்றான். கேலி இல்லாமல்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஒன் வேலையப் பாரு," என்றேன்.

ஆறு மாதம் முடிந்த அன்று தாளை அவன் மேசையில் வைத்துவிட்டு, வேறு வேலை தேடிக் கிளம்பினேன். புருஷன் வீட்டுக்குப் போகவில்லை.