அகலம் அண்ணனின் பக்கத்து இருக்கை

தினமும் காலையில் அண்ணன் தன் காரின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கிறார். இரண்டும் இறுக்கமாகப் போகின்றன. "சரியா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்கிறார். நான்கு சக்கரங்களுக்கும் இந்த மரியாதை நடந்து முடிந்த பிறகுதான் கையிலிருக்கும் டீ வாய்க்குப் போகும். அதற்குள் அது ஆறி ஆடை கட்டியிருக்கும். ஒரே ராத்திரிக்குள் கார் என்ன வளர்ந்தா விட்டிருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். "ஸ்பிரிங் புதுசு, சொல்ல முடியாது" என்றார், சிரிக்காமல்.

எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவரை அகலம் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆள் அகலமில்லை. ஹேங்கரில் மாட்டிய சட்டை தானாக நடந்து வருகிறதோ என்று நினைக்கத் தோன்றும். அகலமெல்லாம் காருக்குத்தான். இரண்டே கதவு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. நான்கு மட்கார்டுகளையும் கையாலேயே தகரத்தில் அடித்து, பக்கத்துக்கு அரைச் சாண் வெளியே தள்ளியிருக்கிறார். கீழ்த்தளத்தில் அவருக்கு ஒதுக்கிய இடத்தின் இரண்டு வெள்ளைக் கோடுகளும் டயருக்கு அடியில் போய்விட்டன. பக்கத்து இடம் என் ஸ்கூட்டருடையது. சங்கச் செயலாளர் அளவு நாடாவோடு பஞ்சாயத்துக்கு வந்தபோது, நானே சுவரோரம் ஒட்டி நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி வாயை அடைத்தேன். அன்றிலிருந்து அண்ணனுக்கு என்மேல் தனிப் பிரியம். என் ஸ்கூட்டரில் கீறல் விழுந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் கீறலும் இருக்காது, யார் எடுத்தார்கள் என்ற பேச்சும் இருக்காது.

உயரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தக் காருக்கு அடியில் எறும்பு போவதென்றாலும் குனிந்துதான் போக வேண்டும். கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் இரண்டு பலகை போட்டு, ஒருவர் முன்னால் நின்று கையைக் காட்ட, பெண் பார்க்க வந்தவரை உள்ளே அழைப்பதுபோல மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். இந்தப் பகுதியில் உள்ள வேகத்தடைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எதை நேராக ஏறலாம், எதைக் குறுக்கே ஏற வேண்டும், எதற்குப் பயந்து அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று உறவினர்களின் குணத்தைச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்வார்.

வயிற்றுப்பாட்டுக்குப் பேருந்துப் பணிமனையில் டிங்கர் வேலை. மரத்திலும் மதிலிலும் மோதி வருகிற பேருந்துகளின் முகத்தைத் தட்டி நேராக்குவதுதான் பகல் முழுக்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால், மறுபடி தகரம்தான். வேறு தகரம், அவ்வளவே. அக்காவை, அதாவது அவர் மனைவியை, யாராவது "அண்ணன் எங்கே?" என்று கேட்டால், "கீழ, சின்ன வீட்டுல" என்பார். கேட்டவர்கள் முதல் தடவை திகைத்துப்போவார்கள். அக்கா முகத்தை மாற்றவே மாட்டார்.

ஆனால் அந்தக் கார் வந்ததே அக்காவால்தான். கல்யாணமான புதிதில் இருவரும் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு பெரிய கார் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். அக்கா தினமும் அங்கே ஒரு நிமிடம் நிற்பாராம். ஒருநாள், இதில் ஏறிக் கடலோரமாக ஒரு தடவை போனால் போதும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் பேருந்திலேயே வருகிறேன் என்றாராம். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். "அவ விளையாட்டாத்தான் சொன்னா. எனக்குக் காதுல விழுந்துடுச்சு" என்கிறார் அண்ணன். விழுந்தது விழுந்ததுதான். பிள்ளைகள் பிறந்து, படித்து, ஆளுக்கொரு ஊராகப் போகும்வரை அது காதிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் பழைய இரும்புக் கிடங்கில் அதே மாதிரிக் கார் ஒன்றை, மூக்கு நசுங்கி, மட்கார்டெல்லாம் துருப்பிடித்துக் கிடந்த நிலையில் பார்த்துவிட்டார்.

துருவை வெட்டி எடுத்ததும் மட்கார்டு என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. எப்படியும் புதிதாகத்தானே அடிக்கப் போகிறோம், கொஞ்சம் அகலமாக அடிப்போமே என்று தோன்றியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. மட்கார்டு அகலமானதும் பழைய டயர் உள்ளே ஒடுங்கிப்போய்த் தெரிந்தது, அகல டயர் வாங்கினார். அகல டயர் வந்ததும் கார் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் பட்டது, ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தினார். தாழ்த்தியதும் உள்ளே பழைய சீட் உயரமாக இருந்தது, சீட்டின் கீழ்ச்சட்டத்தையே அறுத்து எறிந்துவிட்டுத் தரையோடு தரையாக வெல்டிங் வைத்தார். பிறகு பிரேக். பிறகு சைலன்சர். பிறகு இன்ஜினுக்கு டர்போ. ஒவ்வொன்று முடியும்போதும் அக்கா கேட்டிருக்கிறார், போகலாமா என்று. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி."

அக்கா திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்த்தவர். சீட்டுக்கு உறை தைத்தது அவர்தான். கறுப்புத் தோலில் சிவப்பு நூல், இரட்டைத் தையல், ஒரு இடத்தில்கூட நூல் பிசகியிருக்காது. சாப்பாட்டு மேசையில் வைத்துத் தைத்தார், முடித்ததும் அண்ணன் கீழே கொண்டுபோய் மாட்டினார். பிற்பாடு ஒரு கார் கண்காட்சியை நடத்துகிறவர்கள் படமெடுக்க வந்தபோது அந்தத் தையலைத்தான் முதலில் கிட்டப்போய் எடுத்தார்கள். அந்தச் சீட்டில் அக்கா இதுவரை உட்கார்ந்ததில்லை. இனியும் உட்கார முடியாது.

இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், போன வருடம் அறுவை சிகிச்சை செய்து புது மூட்டு வைத்தார்கள். நடக்கலாம், கைத்தடியோடு படிகூட ஏறலாம். முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் எதிலும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மூட்டு நழுவிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று அண்ணன் கேட்டிருக்கிறார். உங்கள் மனைவிக்கு எலும்பு பலவீனம், அதனால் எப்போதைக்கும் என்று டாக்டர் சொன்னாராம். வாடகைக் காரில் திரும்பி, கட்டடத்து வாசலில் இறங்கும்போது அக்கா சொல்லியிருக்கிறார். "உங்க காரு முழங்காலுக்குக் கீழ இல்லீங்க, செருப்புக்குக் கீழ இருக்கு." சிரிக்கவைக்கத்தான் சொன்னாராம். அண்ணன் சிரிக்கவில்லை.

அந்த வாரம் அவர் வீட்டுக்குள் புகுந்து வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். கட்டிலின் கால்களுக்கு அடியில் இரும்புக் குழாய் வைத்து உயர்த்தினார். நாற்காலிகளுக்கு நீட்டிப்பு வைத்தார். கழிவறையில் உயரமான இருக்கை, இரண்டு பக்கமும் பிடித்து எழக் கைப்பிடி. நாற்காலி உயர்ந்ததால் மேசை தாழ்ந்துபோனது, மேசையும் ஏறியது. நான் அங்கே போய் உட்கார்ந்தால் கால் தரையில் படாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்படி மாடியில் ஒவ்வொன்றாக உயர்த்திவிட்டுக் கீழே வந்தவர், காருக்கு முன்னால் வெகுநேரம் சும்மா நின்றார்.

காரிலும் முயன்று பார்க்காமல் இல்லை. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டாலும் நாலு விரல்தான் ஏறும். டாக்டர் கேட்பதோ ஒரு முழம். சீட்டுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி உயர்த்திவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்துக் கழுத்து ஒரு பக்கமாக மடங்கிக்கொண்டது. அக்காவும் அவர் உயரம்தான். அந்தக் கோணலான கழுத்தோடு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கினார். "அன்னைக்கே போயிருக்கலாம்" என்றார் என்னிடம். "மட்கார்டு கூட இல்லாம ஓடிச்சு பாருங்க, அன்னைக்கே. அவ கேட்டா. நான்தான் இருன்னேன்." ஸ்கூட்டர் சாவியைப் பையில் தேடுவதுபோல் நின்றேன்.

மற்ற எல்லோரையும் ஏற்றிப் போயிருக்கிறார். சங்கச் செயலாளர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த பிறகு வெள்ளைக் கோட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போனார். முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்துவிட்டன. சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது. ஆனாலும் நெடுஞ்சாலையில் ஏறி அவர் காலை அழுத்தியபோது, வயிறு பின்னால் தங்கிவிட, நான் மட்டும் முன்னால் போனேன். எனக்கே சின்ன வயது திரும்பிவிட்டதோ என்றிருந்தது. கடற்கரைச் சாலை பிரிகிற இடம் வந்தது. உப்புக் காற்றுகூட மூக்கில் அடித்தது. அண்ணன் திரும்புவதற்கான விளக்கைப் போட்டு, வண்டியை வளைத்து, வந்த வழியே திருப்பினார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் என்று கேட்டேன். "அது அவளுக்கு வெச்சிருக்கிறது" என்றார். திரும்பும் வழியெல்லாம் நாங்கள் டயரைப் பற்றி மட்டுமே பேசினோம்.

இதற்கிடையில்தான் கண்காட்சி. மாற்றிக் கட்டிய கார்களை எல்லா ஊர்களிலிருந்தும் கொண்டுவந்து நிறுத்துகிற பெரிய கண்காட்சி. அதில் நட்ட நடு இடத்தை அண்ணனின் காருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அகலப்படுத்துவதற்கு எல்லோரும் அச்சில் வார்த்த ஃபைபரை வாங்கி ஒட்டும் காலத்தில், ஒருவர் சுத்தியலாலேயே தகரத்தை வளைத்திருக்கிறார் என்பதுதான் அவர்களுக்கு அதிசயம். செய்தி வந்த அன்று பணிமனையில் அவரைத் தோளில் தூக்காத குறைதான். அண்ணன் தினமும் மெருகேற்றினார். கூரையின் கறுப்பில் குனிந்து பார்த்தால் தலை வாரிக்கொள்ளலாம்.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிறு. காலை நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் திறந்தது. அண்ணன் ஒரு சாப்பாட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னால் கைத்தடியோடு அக்கா. கண்காட்சிக்குப் போவதற்கு முன்னால் இன்ஜின் சத்தத்தையாவது கிட்ட இருந்து கேட்கிறேன் என்று அக்காதான் கேட்டாராம். அண்ணன் பக்கத்து இருக்கையின் கதவை ஒட்டி, வெளியே, நாற்காலியைப் போட்டார். கால்களுக்கு நீட்டிப்பு வைத்த அந்த உயரமான நாற்காலியில் அக்கா உட்கார்ந்ததும் காரின் கூரை அவர் நெஞ்சுக்குத்தான் வந்தது. அண்ணன் மறுபுறம் சுற்றிப்போய் ஓட்டுகிற இடத்தில் நுழைந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இன்ஜினை முடுக்கினார். தளம் முழுக்க அதிர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் உள்ளிருந்தபடியே சத்தமாகக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"சத்தம் நல்லா இருக்குங்க. உங்களத்தான் காணோம். கூரைதான் தெரியுது."

"எனக்கு உன் முழங்கால்தான் தெரியுது" என்றார் அண்ணன்.

இருவரும் சிரித்தார்கள். அக்கா முதலில் நிறுத்தினார். நான் ஸ்கூட்டரில் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

இன்ஜின் நின்றது. அண்ணன் இறங்கி வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் தலையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பேருந்தின் நசுங்கலைப் பார்க்கிறபோது பார்க்கும் பார்வை. பிறகு சுவரோரம் இருந்த தன் கருவி அலமாரியிலிருந்து நீலநிற டேப் சுருளை எடுத்தார். அந்த டேப்பை எங்கே ஒட்டுகிறாரோ அதன் ஓரமாகத்தான் அவருடைய அறுக்கும் இயந்திரம் போகும். முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில், தலை வாரிக்கொள்ளலாம் போலிருந்த அந்தக் கறுப்பில், டேப்பின் நுனியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"அண்ணே, கண்காட்சி" என்றேன். அவர் காதில் அது விழவில்லை.

"வேணாங்க" என்றார் அக்கா. "இத்தனை வருஷ வேலை. அறுத்துட்டா திரும்ப வராது."

"வராது" என்று ஒத்துக்கொண்டார் அண்ணன். டேப்பை இழுத்துக்கொண்டே பேசினார். கூரை போனால் உடம்பு தளரும், அடியில் இரண்டு பக்கமும் குழாய் வைத்து வெல்டிங் போட்டால் தாங்கும். பிறகு சீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். அக்கா முதலில் பக்கவாட்டில் உட்கார வேண்டும், காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும், டாக்டர் சொன்ன மாதிரியே. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"உன் தலை முன் கண்ணாடிக்கு மேல நிக்கும். பாக்கிறவன் சிரிப்பான்."

கார் அகலம், கூரையும் அகலம். அண்ணன் எக்கி நீட்டியும் கை மறுபக்கத்துக்கு எட்டவில்லை, டேப் நடுவில் தொய்ந்து தொங்கியது. அக்கா கைத்தடியை ஊன்றி, மெல்ல எழுந்து, டேப்பின் அந்த நுனியை வாங்கினார். தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து, தைத்த மடிப்பை நீவுவதுபோல, நகத்தால் கடைசிவரை அழுத்தி ஒட்டினார்.