மரியாயி அக்கா அடித்த ஆணி

இன்று காலை கெட்டில் பிளக்கைச் சொருகியதும் வீடு முழுக்கக் கரண்ட் போனது. கருகிய ரப்பர் வாடை. கோளாறு கெட்டிலில்தான் என்று மூக்காலேயே கண்டுபிடித்தேன். நாலாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் புக்கிட் ரோத்தானில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்த மூக்கு இது. அடுப்படியிலிருந்து ராஜம்மா சொன்னாள்: "சூசையண்ணன் இருந்தா வாசல்லயே சொல்லிருப்பாரு லா."

கட்டிய மனைவி வாயில் இன்னும் அந்தப் பெயர்.

அவளைப் பெண் கேட்டிருந்த சமயம். அவள் அப்பா, எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், இன்னும் பிடி கொடுக்கவில்லை. தீபாவளி நெருக்கத்தில், பலகைச் சுவர் தடுத்த வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் வீட்டில் பியூஸ் போடப் போட எரிந்தது. நான் பார்க்கிறேன் மாமா என்று ஓடினேன். மாப்பிள்ளை ஆக இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைச் சேர்த்தேன். எங்காவது வயரோடு வயர் ஒட்டி ஷாட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். ஷாட் விலகினால் அணையும். சுவிட்சு, விளக்கு எல்லாம் கழற்றிப் போட்டேன். பல்பு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எரிந்தது. மத்தியானம் மண்டோர் சூசைக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

சூசையும் வயர்மேன்தான். வந்தவன் டெஸ்டரைக்கூட எடுக்கவில்லை. பலகைச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் போனான். சற்று நேரத்தில் என் பல்பு அணைந்தது. அந்த வீட்டு மரியாயி அக்கா மாதா படம் மாட்ட அடித்த நீள ஆணி, பலகையைத் தாண்டி இந்தப் பக்கத்து வயருக்குள் இறங்கியிருந்தது; அதைப் பிடுங்கிக் கையில் கொண்டுவந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு வந்தப்ப பாத்தேன், படம் புதுசு," என்றான்.

கேட்டீர்களா? இது வயர்மேன் வேலையா? ஜெபத்துக்குப் போய்க் காப்பி குடித்த அதிர்ஷ்டம். முருகனைக் கும்பிடுகிற எனக்கு எப்படித் தெரியும்? ராஜம்மா அவனுக்குத் தட்டு நிறைய முறுக்கு வைத்தாள். எனக்கு வெறும் தேத்தண்ணி.

போகும்போது அவன் மண்டோரிடம் சொன்னான்: "இவரு இந்தப் பக்கம் பூரா பாத்து முடிச்சிட்டாரு மாமா. அதான் எனக்கு சுலபமாச்சு. நல்ல வேலைக்காரரு."

மண்டோர் என்னை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அந்த வாரமே சம்மதம் வந்தது. அதையும் அவன் கையாலா நான் வாங்க வேண்டும்? முறுக்கைக்கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.

லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனைத் தோட்டம். சூசை செரண்டாவில் மகன் வீட்டில் கண்ணை மூடினான். எனக்குச் செங்கல் வீடு, நானே கட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அவர் எவ்வளவு நீள ஆணி அடித்தாலும் என் வீட்டு விளக்கு அணையாது.