கோல்ஃப் மட்டையின் முகமும் என் ரீடிங்கும்

1. காலித் தலை

கோல்ஃப் ஆடுகிறவர்களை நான் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் ரிடையர் ஆவதற்கு முன் கடைசி ஐந்து வருடம், அவர்கள் அடிக்கிற மட்டைக்குத் தலை செய்யும் கம்பெனியில்தான் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் டைட்டானியம் காஸ்டிங் செய்கிற இடம். அதற்கு முன்னால் அதே ஷெட்டில் வால்வும் பம்பு பாகங்களும் செய்துகொண்டிருந்தோம். வால்வு ஒழுகினால் திருப்பி அனுப்புவார்கள், வேறு செய்து கொடுப்போம், பேச்சு அதோடு முடிந்துவிடும். இந்த மட்டை உள்ளே நுழைந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

முதல் நாள் எம்.டி. தனசேகர் என் மேஜை மேல் ஒரு தலையை வைத்தார். இதற்கு டிரைவர் என்று பெயராம். ஆட்டத்தின் முதல் அடியில் பந்தை அதிக தூரம் அனுப்புகிற மட்டை. கையில் எடுத்துப் பார்த்தேன். பெரிய மாங்காய் அளவு இருக்கிறது, உள்ளே வெறும் காலி. இந்தக் காலி டப்பாவுக்கா டைட்டானியம் என்று வாய்விட்டே கேட்டேன்.

பக்கத்தில் நின்ற டிசைன் இன்ஜினியர் மெர்லின்தான் விளக்கினார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம், திருவேற்காட்டில் ஹாஸ்டலில் இருந்தார். பந்தில் படுகிற முகத்தை மெல்லிசாகச் செய்தால் அது உள்ளே அமுங்கி பந்தை உதைத்துத் தள்ளும், தூரம் கிடைக்கும். முகத்தில் மிச்சமாகிற எடையைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தால், அடி நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தாலும் தலை திரும்பாது, பந்து நேராகப் போகும். அதைத் தொழிலில் ஃபர்கிவ்னஸ் என்பார்கள். ஆக, முகத்தில் ஒரு முடியளவு குறைத்தால் இரண்டு லாபம்.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. முகம் எவ்வளவு உதைக்கலாம் என்று ஆட்டத்தின் விதியே சொல்கிறது. அதைப் பார்க்க ஓர் ஊசல் கருவி. சின்ன இரும்பு உருண்டை ஆடி வந்து முகத்தைத் தட்டும். தட்டித் திரும்புகிற நேரத்தை மைக்ரோ செகண்டில் காட்டும், அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சமாக வெட்டிய துண்டுகளில். எண் கூடினால் உதைப்பு கூடுகிறது என்று அர்த்தம். எல்லையைத் தாண்டினால் அந்தத் தலை எந்தப் போட்டிக்கும் ஆகாது. எல்லைக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துவதுதான் வித்தை. அந்த எண்ணை எடுத்துச் சொல்வது என் வேலை. ரிப்போர்ட்டில் விழுகிற ஸ்டாம்ப்பும் என்னுடையது.

2. எல்லோரும் சந்தோஷமாக இருந்த பதினைந்து நாள்

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்த காலையில் வழக்கம்போல ஊசலை மாஸ்டர் பிளாக்கில் தட்டிப் பார்த்தேன். மாஸ்டர் பிளாக் என்பது கருவியோடு வந்த டைட்டானியம் கட்டை. அதன் எண் சர்டிஃபிகேட்டிலேயே இருக்கும். கருவி அந்த எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. சர்வீஸ்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். சாம்பிள் அனுப்பும் தேதி நெருங்கிவிட்டது, எம்.டி. இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். கூடுதலாக வந்ததைக் கழிக்கும்படி கருவியில் ஒரு திருத்தம் போட்டேன். பிளாக் சரியாகக் காட்டியது. வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மெர்லின் டிசைன் செய்த தலைகளை அளந்தால் எண் குறைவாக வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. கம்ப்யூட்டர் கணக்கில் இன்னும் மேலே வர வேண்டுமாம். ஒரு தடவை வந்து கேட்டார், சரிதான் என்றேன். சாயங்காலம் மறுபடியும் வந்தார்.

"சார், பிளாக்கை இன்னொரு தடவை பாக்கலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷமா அளக்குறேன்மா. உன் கணக்கப் போய் பாரு" என்றேன்.

போய்ப் பார்த்தார். தன் கணக்கையே சந்தேகப்பட்டு, என் எண்ணை நம்பி, முகத்தை இன்னும் கொஞ்சம் இழைத்தார். மிச்சமான எடையைப் பின்னால் நகர்த்தினார். தூரமும் கூடியது, ஃபர்கிவ்னஸும் கூடியது, என் எண்ணும் எல்லைக்குள் வந்து நின்றது. எம்.டி. ஷெட் முழுக்க பாதுஷா கொடுத்தார். பன்னிரண்டு தலைகள் என் ஸ்டாம்ப்போடு வெளிநாட்டுக்குப் போயின. இந்த சாம்பிள் தேறினால்தான் பெரிய ஆர்டர் என்று எல்லோருக்கும் தெரியும்.

3. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

பதினைந்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை கஸ்டமரிடமிருந்து மெயில் வந்தது. பன்னிரண்டு தலையும் எல்லைக்கு மேல். மெஷினில் அடித்துப் பார்த்ததில் ஒன்றின் முகத்தில் விரிசலும் விழுந்திருக்கிறது.

எம்.டி. மெர்லினைக் கேபினுக்குள் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுதான், பேசுவது வெளியே கேட்கும். இவ்வளவு மெல்லிசாக இழைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். ரீடிங் குறைவாக வந்ததால்தான் இழைத்தேன் என்றார் மெர்லின். அதற்கு எம்.டி. சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

"ரீடிங் எடுத்தது ஏகாம்பரம். அவர் தப்பு பண்ண மாட்டாரு. நீ உன்னோடத சொல்லு."

நான் என் ரூமுக்குள் போனேன். மாஸ்டர் பிளாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நடுவில், ஊசல் தட்டுகிற இடத்தில், மங்கலாக ஒரு வட்டம். நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாகத் தூள் வந்தது. முகர்ந்து பார்க்கவே தேவையில்லை, சந்தனம்.

வைத்தது நான்தான். பூஜை அன்று லேத்துக்கு, கிரைண்டருக்கு, தராசுக்கு எல்லாம் பொட்டு வைத்தோம். என் ரூமில் அந்த பிளாக்தான் பெரிய சாமி என்று நினைத்து, பெட்டியைத் திறந்து நடு மையமாக நானே வைத்தேன். லீவு முடிந்து வந்து எண்ணெய் தோய்ந்த வேஸ்ட் துணியால் ஒரு துடை துடைத்தேன். கண்ணுக்குப் போனதுபோல் இருந்தது, பூச்சாக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உருண்டை அந்தப் பூச்சில் அமுங்கித் திரும்பியதால்தான் நேரம் கூடியிருக்கிறது. நான் அதைக் கருவியின் கோளாறு என்று கழித்தேன். அதே கழித்தல் ஒவ்வொரு தலைக்கும் விழுந்திருக்கிறது.

பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினேன். எண் இறங்கியது. திருத்தத்தை எடுத்தேன். சர்டிஃபிகேட்டில் இருந்த எண் அப்படியே வந்து நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டரை.

4. பன்னிரண்டரையிலிருந்து ஒன்பது வரை

நேராகக் கேபினுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பயந்தேன், வேறு ஒன்றும் இல்லை. ரிடையர்மென்டுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. இதுவரை ஸ்டாம்ப் அடித்த எல்லாவற்றையும் தோண்டுவார்களோ என்று பயம். எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்களே என்று அதைவிடப் பயம். இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிபார்க்க ஒன்றும் பாக்கி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாலிஷிங் செக்‌ஷன் டில்லி எதிரே வந்து உட்கார்ந்தான்.

"இன்னா அண்ணாத்தே, சோத்த தொறக்காம குந்திகினு கீற? மூஞ்சே சரியில்லையே."

வயிறு சரியில்லை என்றேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த மெர்லின் பொண்ணு ஸ்டோர் ரூமாண்ட நின்னு அயுதுகினு கீது. ஊட்டுக்கே போய்டுறேன்னு சொல்லுது. பாவம் அண்ணாத்தே, அது இன்னா பண்ணும்?"

அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். குமணன்சாவடியில் இறங்குவதற்குள் நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

காலை ஒன்பது மணிக்கு எம்.டி. வந்து உட்கார்ந்ததும் பிளாக்கையும் இரண்டு ரீடிங்கையும் அவர் முன்னால் வைத்துச் சொன்னேன். மெர்லினையும் கூப்பிடச் சொன்னேன். எம்.டி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெர்லின்தான் பேசினார்.

"சார், இது எப்ப தெரிஞ்சது?"

"நேத்து மத்தியானம்."

"மத்தியானம் எப்ப?"

"பன்னிரண்டரைக்கு."

"நேத்து நாலு மணிக்குத்தான் சார் நான் கஸ்டமருக்கு மெயில் போட்டேன். என் கணக்குதான் தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்."

5. இரண்டு கடிதங்கள்

நடந்தது இன்னது என்று நானே என் பெயரில் எழுதினேன். எம்.டி. அதை ஒரு வார்த்தை மாற்றாமல் அனுப்பினார். என் தவறுக்குக் கஸ்டமர் அவ்வளவு கோபப்படவில்லை. மூன்றே வரியில் பதில் வந்தது. நேற்று உங்கள் இன்ஜினியர் கணக்கு தப்பு என்கிறார், இன்று உங்கள் இன்ஸ்பெக்டர் அளவு தப்பு என்கிறார், நாங்கள் எந்தக் கடிதத்தை நம்புவது?

சந்தனத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். அந்த நாலு மணி மெயிலைத் துடைக்க எதுவும் இல்லை. மெர்லினின் கணக்கு முதலிலிருந்தே சரி. துடைத்த பிளாக்கை வைத்துச் சரிசெய்த கருவியில் அளந்தபோது அவருடைய முதல் டிசைன் அவர் சொன்ன எண்ணையே கொடுத்தது. ஆனாலும் அதைக் கஸ்டமரிடம் நிரூபிக்க அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு டிராயிங்கையும் அங்கே உள்ள இன்ஜினியர் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிட்டார்கள். ஆர்டர் வந்தது, மட்டையும் நன்றாகப் போகிறது. அந்தக் கண்டிஷனை இன்றுவரை எடுக்கவில்லை.

குவாலிட்டி வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கருவியைப் பற்றிக் கேட்பார்கள். எதை எப்படித் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான். தப்பு தெரிந்த நிமிஷமே எழுந்து போய்ச் சொல்லுங்கள். நீங்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இன்னொருவர் அந்தத் தப்பைத் தன்னுடையது என்று நம்பிவிடுவார்.

மெர்லின் ஊருக்குப் போகவில்லை, அங்கேயேதான் இருந்தார். என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நான் ரிடையர் ஆகும் வரை, ஸ்டாம்ப் அடித்து நான் அனுப்பிய ஒவ்வொரு தலையையும் என் ரூமுக்கே எடுத்து வந்து, என் கண்ணெதிரே மறுபடியும் ஒரு தடவை அளந்தார். நான் எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுப்பேன்.